கிளிப்பின் முதுகில் இரண்டு தையல்

எனக்கு வாய் நீளம். நானே ஒத்துக்கொள்கிறேன். தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லப் போகிறார்கள், அதை என் வாயாலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். டைலரக்காவிடம் சட்டை தைக்கக் கொடுத்தால் பொத்தானோடு நாலு வசவும் இலவசமாக வரும் என்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தவர்கள் மூன்று பேர். புருஷன் பஸ் டிரைவர். அதிகாலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அவர் பெண்டாட்டியைத் தெரு முழுக்க கிளிப்பக்கா என்றுதான் கூப்பிடும், ஏனென்றால் தலைக்கு மாட்டுகிற கிளிப், ரிப்பன் பூ, பாசிமணித் தொங்கட்டான் எல்லாம் வீட்டிலேயே செய்து விற்பவள். மூன்றாவது ஆள் டிரைவரின் தங்கச்சி. சின்னவள் என்று கூப்பிடுவார்கள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியோடு வந்து மாடிப்படி ஏறினாள். ஏறியவள் ஏறியவள்தான். என் கடையைத் தாண்டிப் போகும்போதுகூட செருப்புச் சத்தம் கேட்காது. யாராவது "நகரு" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பயந்து நடப்பதுபோல ஒரு நடை.

மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை. அதுதான் அவர்களுக்கு ஆலை, அலுவலகம் எல்லாம். சாட்டின் ரிப்பனை விரற்கடை அளவுக்கு வெட்டி, நூல் பிரியாமல் இருக்க ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி, மடித்து, நாலைந்து இதழை ஒரே நூலில் கோத்து இழுத்தால் பூவாகச் சுருங்கும். நடுவில் ஒரு மணி. அப்புறம் அதை இரும்புக் கிளிப்பின் முதுகில் ஒட்டி, ஒட்டின இடம் தெரியாமல் வட்டமாக ஒரு கம்பளித் துணி. என் கடையில் விழுகிற துண்டுத் துணியெல்லாம் மேலேதான் போகும். அதைப் பழைய பொத்தானின் மேல் இழுத்துப் போர்த்தி, குறடால் கம்பியை வளைத்து மாட்டினால் ஒரு ஜோடி கம்மல். நான் குப்பை என்று கூட்டித் தள்ளினது மறுநாள் ஏதோ ஒரு பெண்ணின் காதில் ஆடிக்கொண்டு போகும்.

இரண்டு பேருடைய கையும் ஒன்றில்லை. கிளிப்பக்கா கை காற்று மாதிரி. பேசிக்கொண்டே, சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே, கீழே என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டே பத்து பூ முடிப்பாள். சின்னவள் அதே நேரத்தில் நாலு முடித்தால் அதிகம். அவள் ஒட்டினதோடு விடமாட்டாள். ஒட்டிக் காய்ந்த பிறகு அந்த வட்டத் துணியின் வழியாக ஊசியை விட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல் போடுவாள். "பசைய நம்பக்கூடாது அண்ணி" என்பாள். "பின்னாடி யாரு பார்க்கப் போறா? மாட்டினா தலைக்குள்ள போயிடுது" என்று கிளிப்பக்கா சலித்துக்கொள்வாள். சின்னவள் பதில் பேச மாட்டாள், ஆனால் தைப்பதை நிறுத்தவும் மாட்டாள்.

அந்த இரண்டு தையலைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மயங்கினார். எங்கள் தெரு முனையில் இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடம். அதற்குச் சீருடை தைப்பது நான். ஒருநாள் அளவு கொடுக்க வந்தவர் மாடியிலிருந்து வந்திருந்த ஒரு கிளிப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு இது யார் கை என்று கேட்டார். ஆண்டு விழாவில் ஆடப்போகிற முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு கிளிப்பும் ஒரு ஜோடி கம்மலும் வேண்டுமென்று அங்கேயே சொன்னார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். கைவேலை டீச்சர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, விழா முடிந்ததும் இந்தப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், பள்ளிக்குள்ளேயே தங்க ஓர் அறையும் உண்டு என்றார்.

தங்க ஓர் அறை. அதைக் கேட்டதும் சின்னவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளுக்கு இரண்டு கன்னத்திலும் குழி விழும் என்பதையே கண்டுபிடித்தேன். சாயங்காலம் என் கடைக்கு வந்து, டீச்சர் வேலைக்குப் போகிறவர்கள் எந்த மாதிரி சட்டை போடுவார்கள் என்று கேட்டாள். நான் அளவெடுத்தேன். தோள்பட்டையைப் பிடித்து நிமிர்ந்து நில்லு என்றேன். நின்றாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு என்றால்கூடப் பரவாயில்லை, விடாமல். துணியெல்லாம் நாற்றம், ஊசி துருப்பிடிக்கிறது, கதவு ஊறி மூட மாட்டேன் என்கிறது. மாடியில் இரண்டு பேரும் கண் மண் தெரியாமல் வேலை செய்தார்கள். மூன்று வேளையும் ரொட்டியும் டீயும்தான், சமைக்க நேரமில்லை. விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பார்த்தால் கம்மல் எல்லாம் முடிந்துவிட்டது, கிளிப்பில் நாற்பது முடிந்துவிட்டது. பூ எல்லாம் தயார், இன்னும் இருபத்து நாலை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து சின்னவளைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். நான் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் போன அரை மணி நேரத்தில் க்ளூ கன் செத்துப்போயிற்று. பசைக் குச்சியைச் சூடாக்கி உருக்கிவிடுகிற அந்தத் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளிப்பக்கா கீழே வந்து நின்றாள். கடைத்தெரு தண்ணீரில் மிதக்கிறது, புதிது வாங்கப் போக வழியில்லை. எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஏறெடுத்துப் பார்க்காமல், "இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தொங்கப் போடற? எதிர்ல செருப்பு தைக்கிறவர்கிட்ட இல்லாத பசையா? ஒரு தடவ ஒட்டுனா ஜென்மத்துக்கும் விடாது" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று அப்புறம் எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவள் அதை முழு நிஜமாக எடுத்துக்கொண்டு மழையில் ஒரே ஓட்டமாகத் தெருவைக் கடந்து போனாள். செருப்பு தைக்கிறவர் பெரியவர், நிதானமான மனுஷர். இது காய்வதற்கு ஒரு நாள் வெயில் வேண்டும், எதில் ஒட்டப்போகிறாய் என்று கேட்டார். என் கடை வாசல் வரைக்கும் கேட்டது. பையில் ஒட்ட வேண்டும் என்றாள் இவள். வாய் கூசாமல் சொன்னாள். அவர் ஒரு சின்ன டப்பாவில் வழித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது என்னிடம் இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வெயிலுக்குப் பதிலாக அதன் சூட்டைக் காட்டிக் காயவைக்கலாம் என்று யோசனை. நானும் கொடுத்தேன். அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பசை நெடி மாடிப்படி வழியாக இறங்கி என் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சின்னவள் வருவதற்குள் ஜன்னலைத் திறந்து வைத்து, இருபத்து நாலையும் மற்றதோடு கலந்து பையில் கட்டி, பள்ளிக்கூடத்து ஆளிடம் கொடுத்தனுப்பியாயிற்று. தையல் போட்டீங்களா அண்ணி என்று வந்ததும் சின்னவள் கேட்டாளாம். நேரமில்லை, நல்லாத்தான் ஒட்டியிருக்கு என்றாளாம். வகுப்பு நன்றாகப் போன சந்தோஷத்தில் சின்னவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் விழா. மேலே காய்ந்த பசை, துணிக்கு அடியில் ஈரமாகவே இருந்திருக்கிறது. மேடை விளக்குச் சூடு பட்டதும் இளகி, கிளிப்பின் பல் வழியாகப் பிதுங்கி, பிள்ளைகள் குதித்து ஆடிய ஆட்டத்தில் தலைமுடியோடு பின்னிக்கொண்டு, ஆட்டம் முடிந்து ஆறினதும் இறுகிவிட்டது. பதினோரு பிள்ளைகளுக்கு மாட்டிக்கொண்டது. எண்ணெய் தேய்த்து, சீப்பால் வாரி, அழ அழ எட்டுப் பேருக்கு எடுத்துவிட்டார்கள். மூன்று பேருக்கு முடியவில்லை. கத்தரிக்க வேண்டியதாயிற்று. அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்து வாயிற்காவலர் மகள், இடுப்புக்குக் கீழே முடி இருந்தவள், முன்வரிசையில் ஆடினவள். அவளுக்குப் பிடரி வரைக்கும் போயிற்று.

அடுத்த நாள் காலையில் தலைமையாசிரியை என் கடை வாசலில் வந்து நின்றார். எப்போதும் உள்ளே வந்து உட்காருகிறவர் அன்று உட்காரவில்லை. மாடிக்கு வாங்க என்று என்னையும் கூப்பிட்டார். டிரைவருக்கு அன்று விடுப்பு, கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தார். மூன்று கிளிப். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து முடி. ஒன்றில் முழ நீளத்துக்கு. பக்கத்திலேயே ரிப்பன் துண்டுகளும் மணிகளும் கிடந்தன.

"இத ஒட்டினது யாரு?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

கிளிப்பக்கா முகத்தில் ஈயாடவில்லை. புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"கடைசியா ஒட்டினதெல்லாம் சின்னவதான் மேடம். வேலைக்குப் போற அவசரத்துல பண்ணிட்டா."

சின்னவள் மெதுவாக வந்து ஒரு கிளிப்பை எடுத்தாள். திருப்பினாள். கட்டைவிரலால் அந்த வட்டத் துணியைத் தடவினாள். தையல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை முடியோடு சேர்த்துப் பத்திரமாகப் பொட்டலத்திலேயே வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றாள்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். பசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். யார் போகச் சொன்னது என்றும் தெரியும். அதையெல்லாம் சொல்லக்கூட வேண்டாம், "மேடம், அந்த மத்தியானம் இவ உங்க பள்ளிக்கூடத்துலதான் வகுப்பு எடுத்துட்டு இருந்தா" என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செருப்புப் பசையை யோசனை சொன்னது டைலர் என்று தெரிந்தால் அடுத்த வருஷச் சீருடை என்னாகும் என்று என் புத்தி அந்த நொடியில் ஓடியது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. தலைமையாசிரியை இறங்கிப் போய்விட்டார். வேலையைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை, அதிலேயே பதில் இருந்தது.

டிரைவர் நல்ல மனுஷர்தான், ஆனால் மானத்துக்குப் பயந்தவர். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி தங்கச்சியைப் பிடித்துக்கொண்டார். "உன்னை வச்சு சோறு போட்டதுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்துட்ட" என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் கீழே மிஷினை வேகமாக மிதித்தேன், காதில் விழாமல் இருக்க. கிளிப்பக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கரண்டியைப் பிடித்தபடி நின்றாளாம். திரும்பவே இல்லையாம். சோறு அடிப்பிடித்த வாசனை கீழே வரைக்கும் வந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. கிளிப்பக்கா என்னை வம்புக்கு இழுப்பது நின்றுபோயிற்று. துண்டுத் துணி கேட்டு வருவதும் நின்றுபோயிற்று. தண்ணீர் பிடிக்க வரும்போது கூனிக்குறுகி வருவாள். நானும் குனிந்து ஊசியில் நூல் கோப்பேன். கோத்த ஊசியிலேயே மறுபடி கோப்பேன். சின்னவள் மட்டும் முன்னைக்கு இப்போது இரண்டு மடங்கு வேலை செய்தாள். மாவு பிசைவது, துணி துவைப்பது, படியைக் கூட்டுவது எல்லாம் அவள். அந்தப் புதுச் சட்டை ஒரு நாள் கம்பியில் காய்ந்தது. அப்புறம் அதைக் காணோம், தகரப் பெட்டிக்குள் போயிருக்கும்.

பத்து நாள் கழித்து மழை வெறித்தது. கிளிப்பக்கா கடைக்குப் போக இறங்கினாள். எதிரில் செருப்பு தைக்கிற பெரியவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"பை நல்லா ஒட்டுச்சாம்மா?" என்று கேட்டார்.

குத்திக் காட்டத்தான் கேட்டார். பள்ளிக்கூடத்து விஷயம் தெருவுக்கே தெரியும், அவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? கிளிப்பக்கா திரும்பி வந்து என் கடைக்குள் நுழைந்து, வெட்டி வைத்திருந்த துணிக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துணி கசங்குகிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அவர் முன்னாடி என் பேர் கெட்டுடுமேன்னு பயந்துட்டேன்க்கா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் கைவேலையப் பத்தி அவர் நாலு பேர்கிட்ட பெருமையாச் சொல்வாரு. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. ஒரே ஒரு நிமிஷம், வாய் தானா சொல்லிடுச்சு. அவ ஏதாவது பேசுவா, சண்டை போடுவா, அப்ப உண்மையச் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். அவ பேசவே இல்ல. ராத்திரி அவ பக்கத்துலதான் படுக்கறேன். எப்படிக்கா இருக்கும் எனக்கு?"

கிளம்பு, பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றேன். கடையைப் பூட்டிக்கொண்டு நானும் போனேன். பெரிய தியாகம் இல்லை, பத்து நாள் தாமதம்.

தலைமையாசிரியை அறையில் கிளிப்பக்கா எல்லாவற்றையும் சொன்னாள். செருப்புக் கடை, டப்பா, இஸ்திரிப் பெட்டி, பொய் எல்லாம். யோசனை சொன்னது நான் என்று நான் சொன்னேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்கிட்ட சொன்னாப் போதாது. அந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வாயிற்காவலர் மகள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். கழுத்து மெலிசாக, புதிதாகத் தெரிந்தது. கிளிப்பக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். செருப்பு என்ற வார்த்தை வந்ததும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே முன்வரிசை வரைக்கும் பரவியது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பிடரியைக் கையால் மூடிக்கொண்டு, "என் தலையில செருப்புப் பசையா?" என்று கேட்டாள். நாளையிலிருந்து வகுப்பில் அவளுக்கு என்ன பட்டப்பேர் வைப்பார்கள் என்று எனக்கு அங்கேயே புரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போய் அந்தக் குழந்தை தலையில் இன்னொன்றை ஒட்டிவிட்டு வந்தோம்.

வெளியே வரும்போது கிளிப்பக்கா அந்த வேலையைப் பற்றிக் கேட்டாள். போன திங்கட்கிழமையே வேறொருவர் சேர்ந்துவிட்டார், அறைக்கும் குடிவந்துவிட்டார் என்றார் தலைமையாசிரியை. முன்னாடியே வந்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேரே மாடிக்குப் போனோம். மழை விட்ட வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்திருந்தது. டிரைவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். சின்னவள் ஒரு கிளிப்பின் முதுகில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்பக்கா புருஷன் எதிரிலேயே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சொன்னதைவிட இங்கே சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. டிரைவர் ஈரக்கையோடு அப்படியே நின்றார். தங்கச்சியைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் முனகிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"எல்லாம் கலந்து போனதால அந்த மூணும் நான் ஒட்டினதுன்னு உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றாள் கிளிப்பக்கா.

"எடுத்துத் திருப்பினப்பவே தெரியும் அண்ணி. என் கைன்னா தையல் இருக்குமே."

"அப்ப ஏன்டி சொல்லல? மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாம்ல?"

சின்னவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவசரப்படவில்லை.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு அண்ணன் முன்னாடி சொல்லிட்டு, அன்னிக்குச் சாயங்காலம் நான் எங்க போய்ப் படுக்கறது அண்ணி? வேலை கிடைச்சிருந்தா அந்த ரூம் இருந்திருக்கும். அது போச்சுன்னு அந்தம்மா மூஞ்சியப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. இந்த இடமாவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. இடம் மாற்றி வைத்த சாமானை எடுத்துக் காட்டுகிற மாதிரி சொன்னாள். நாலு வருஷமாக அவள் பொறுமைசாலி, தங்கமான குணம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளிப்பக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. நான் வர்றேன் என்று மெல்ல நகர்ந்தேன். கதவைத் தாண்டும்போது சின்னவள் கூப்பிட்டாள்.

"டைலரக்கா."

திரும்பினேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்களும் இங்கதான் நின்னீங்க. அண்ணிக்கு அண்ணன்கிட்ட பயம். எனக்கு இடம் போயிடுமேன்னு பயம். உங்களுக்கு என்னக்கா பயம்? உங்களுக்குத்தான் கீழ சொந்தக் கடை இருக்கே."

என் நீளமான வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள் அடுத்த கிளிப்பை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நான் படியிறங்கி வந்து கடையைத் திறந்தேன். மிஷினில் பாதி தைத்த சீருடை ஒன்று கிடந்தது.